ஸ்டாண்டர்டு ஹெரால்டு பின் ஆக்ஸில்: எந்த வண்டிச் சாமான் சேரும்?

சேலம்_மார்க்3
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு. அஞ்சு வருஷம் முன்னாடி ஈரோட்டுல ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டிலிருந்து தள்ளிக்கிட்டே வந்த வண்டி. எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் ஒருவழியா முடிஞ்சது. இப்போ பின்னாடி வேலை வெச்சிருக்கு.

வேகம் 45ல ஆரம்பிச்சு 60 வரைக்கும் டிஃப்ரன்ஷியல் (எஞ்சின் சுழற்சியை ரெண்டு பின்சக்கரத்துக்கும் பிரிச்சு அனுப்புற பல்சக்கரப் பெட்டி) ஊளையிடுது. பின்சீட்டுல உட்கார்ந்தா பக்கத்து ஆள் பேசுறது கேக்காது. ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச் விடும்போது "டக்"னு ஒரு அடி. இடது பின்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரியுது.

இங்க மெக்கானிக் "செட்டோட மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டார். எந்த செட்டுன்னு அவருக்கும் தெரியல. அம்பாசடர், பத்மினி, ஜீப், எதுலயாவது பொருந்துற சாமான் இருக்கா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

காயலாங்கடை_ராசா
தலைவா, முதல்ல ஒரு கேள்வி. ஊளை ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது கூடுதா, விடும்போது கூடுதா?

ரெண்டாவது, யாராவது "ஹெரால்டு ஆக்ஸில் ரெடியா இருக்கு"ன்னு சொல்லி கஸெல் (அதே ஸ்டாண்டர்டு கம்பெனியோட பிந்தின கார்) ஆக்ஸிலைத் தலையில கட்டப் பார்ப்பாங்க. வாங்கிடாதீங்க. கஸெல்ல நேரா ஒரே குழாயா வர்ற கட்டை ஆக்ஸில். ஹெரால்டுல டிஃப்ரன்ஷியல் சேஸிஸ்லயே நட்டு போட்டு நிக்கும், ரெண்டு பக்கமும் ஷாஃப்ட் தனித்தனியா ஆடும். பேர் ஒரே கம்பெனி, அடிப்பாகம் வேற வண்டி.

சேலம்_மார்க்3
விடும்போதுதான் ஜாஸ்தி.

ரெண்டாவது விஷயத்துக்கு ரெண்டு வாரம் லேட்டா பதில் சொல்லிட்டீங்க. கஸெல் ஆக்ஸில் முழுசா என் போர்ட்டிகோவுல கிடக்கு. 9,000 ரூபா. "ஒரே கம்பெனி, கண்ணை மூடிட்டு மாட்டலாம் சார்"னு சொன்னார் கடைக்காரர். நானும் கண்ணை மூடிட்டேதான் வாங்கிட்டேன் போல.

காயலாங்கடை_ராசா
😂 மன்னிக்கணும், சிரிப்பை அடக்க முடியல. விக்காதீங்க, வெச்சிருங்க. கஸெல்காரன் ஒருத்தன் என்னைக்காவது வருவான்.

கோவை_லேத்
வணக்கமுங்க. நான் 38 வருசமா லேத் பட்டறை. சிங்காநல்லூர்ப் பக்கம். ஹெரால்டு எங்கப்பா காலத்துல நிறையக் கையில வந்து போன வண்டி, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றனுங்க.

"எந்த வண்டிச் சாமான் சேரும்"னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. பின்னாடி இருக்கறது ஒரு சாமான் இல்லீங்க, அஞ்சாறு சாமான். ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற.

டிஃப்ரன்ஷியலுக்குள்ள நாலு டேப்பர் பேரிங். பினியனுக்கு (எஞ்சின் பக்கமிருந்து வர்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுத்த வெக்கற சின்னப் பல்சக்கரம்) முன்னயும் பின்னயும் ஒவ்வொண்ணு, கேஜுக்கு (கிரவுன்ங்கற பெரிய பல்சக்கரத்தைத் தாங்கற கூடு) ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. வெளியே போற குட்டை ஷாஃப்ட்டுக்கு ரெண்டு பால் பேரிங். ஆயில் சீல் மூணு. இதுக்கெல்லாம் வண்டி பேரே வேண்டாமுங்க. பேரிங் ரேஸ் மேல நம்பர் வெட்டியிருக்கும். நம்பர் தேஞ்சு போச்சுன்னா உள் விட்டம், வெளி விட்டம், அகலம் மூணையும் வெர்னியர்ல எடுத்துக்கிட்டு பேரிங் கடைக்குப் போங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, இது இஞ்ச் அளவு. மில்லிமீட்டர்ல "கிட்டத்தட்ட" இருக்கறதைக் கொடுத்தா வாங்காதீங்க. சீலுக்கும் அதேதான். கடைக்காரர்கிட்ட ஹெரால்டுன்னு சொன்னா "வராது சார்"னு அனுப்பிச்சுடுவார். அளவைச் சொன்னா உள்ளே போய்த் தேடுவார்.

சக்கரத்துல ஆட்டம்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குக் கவலை. ஹப் ஹவுசிங்ல இருக்கற ஊசி ரோலர் பேரிங்குக்கு உள் ரேஸ் கிடையாதுங்க. ரோலர் நேரா ஷாஃப்ட் மேலயே ஓடும். கிரீஸ் இல்லாம ஓடுச்சுன்னா ஷாஃப்ட்லயே பள்ளம் விழும். அப்புறம் பேரிங் மட்டும் புதுசா போட்டுப் பிரயோசனமில்ல. ஹவுசிங்ல ஒரு சின்ன பிளக் இருக்கும். அதைக் கழட்டி நிப்பிள் மாட்டி கிரீஸ் அடிக்கணும். அந்தப் பிளக்கைக் கழட்டின மெக்கானிக்கை நான் வாழ்க்கையில ரெண்டு பேரைத்தான் பார்த்திருக்கேன், அதுல ஒருத்தர் எங்கப்பா.

ஊளை விடும்போது கூடுதுன்னா பினியன் பேரிங்கைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன். "டக்" சத்தம் யுஜே கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுத்தற எடத்துல இருக்கற சிலுவை மூட்டு). கழட்டிப் பார்க்காம எதையும் வாங்காதீங்க.

ஈசிஆர்_ரைடர்
இவ்வளவு கஷ்டம் எதுக்கு ப்ரோ? அம்பாசடர் ஆக்ஸிலை ரெண்டு பக்கமும் வெட்டி அகலம் குறைச்சு, பட்டை ஸ்பிரிங்குக்கு சேஸிஸ்ல பிராக்கெட் வெல்டு பண்ணிடுங்க. லைஃப் லாங் நிக்கும். ஸ்பேர் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

அசல்_மட்டும்
ஈசிஆர், அது ஹெரால்டா இருக்காது, ஹெரால்டு சட்டை போட்ட அம்பாசடரா இருக்கும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. 2021ல வந்த விண்டேஜ் வாகன விதி பார்த்தீங்களா? 50 வருஷம் தாண்டின, வணிகத்துக்கு ஓடாத வண்டிக்கு "விஏ" எழுத்தோட தனி நம்பர் வாங்கலாம். ஆனா வண்டி அசல் வடிவத்துல இருக்கணும், சேஸிஸ்லயோ பாடியிலயோ எஞ்சின்லயோ பெரிய மாறுதல் செஞ்சிருக்கக் கூடாது. 1969 வண்டி வயசுல தகுதியானது. நீங்க சேஸிஸ்ல பிராக்கெட் வெல்டு பண்ணின அன்னைக்கே அந்தக் கதவு சாத்திடும். சாதா பதிவுல இருந்தாலும் வண்டியை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கே.

ஹெரால்டுல பட்டை ஸ்பிரிங் நீளவாட்டுல வராது, குறுக்குவாட்டுல டிஃப்ரன்ஷியல் தலைமேலயே உட்காரும். அம்பாசடர் மாதிரி ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்பிரிங் தொங்க அந்தச் சேஸிஸ்ல இடமே கிடையாது.

ஈசிஆர்_ரைடர்
சரி சரி, ஐடியா சொன்னேன், கேஸ் போடாதீங்க.

தேம்ஸ்கரை
லண்டன்ல இருந்து எழுதுறேன். பூர்வீகம் தஞ்சாவூர். என்கிட்ட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 இருக்கு. உங்க ஹெரால்டும் மூலத்துல ட்ரையம்ஃப்தான், அதுக்குக் கூடப்பிறந்த தம்பி இது. சேஸிஸ் வடிவம் மாறும், ஆனா பின்பக்கம் அதே குறுக்கு ஸ்பிரிங், அதே ஆட்டம் போடுற ஷாஃப்ட். இந்த ஊர்ல சாமான் இன்னும் புதுசா செய்யறாங்க. அதனால உங்க தேடல் சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில முடியலைன்னா இந்தப் பக்கம் திரும்பலாம்.

ஆனா "ஸ்பிட்ஃபயர்னா எல்லாம் சேரும்"னு நினைச்சு வாங்கிடாதீங்க. நான் பட்ட அனுபவத்துல சொல்றேன்.

உங்க 948 சிசி வண்டிக்கு வர்ற ரேஷியோ (சக்கரம் ஒரு சுத்து சுத்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிற கணக்கு; நம்பர் குறைஞ்சா வேகம் கூடும், ஏத்தத்துல இழுவை குறையும்) 4.875. இங்கிலாந்துல 1147 சிசி வந்த ஹெரால்டு 1200, அதுக்கப்புறம் வந்த 13/60, ஸ்பிட்ஃபயர் மார்க் 1ல இருந்து 3 வரைக்கும் எல்லாம் 4.11. ஸ்பிட்ஃபயர் மார்க் 4ல 3.89. 1500ல 3.63. அதே குடும்பத்து ஜிடி6ல 3.27. மார்க் 4 வந்த 1970 கடைசியில ஸ்பிரிங்கையே மாத்திட்டாங்க. பழசுல ஸ்பிரிங் மொத்தமும் ஆறு ஸ்டட்ல இறுக்கிக் கட்டியிருக்கும். புதுசுல அடிப்பட்டை மட்டும் இறுக்கம், மத்ததெல்லாம் ஒரு பெட்டிக்குள்ள ஊஞ்சல் மாதிரி ஆடும். அதனால மேல இருக்கற ஸ்டட் வேற. 1973ல ஷாஃப்ட் ஒவ்வொரு பக்கமும் ஒரு இஞ்ச் நீளமாச்சு. அந்த நீள ஷாஃப்ட்டைப் பழைய வண்டியில போட்டா சக்கரம் வெளியே பிதுங்கும், நிக்கிற கோணமும் கெடும். ஜிடி6லயும் அதே குடும்பத்து வைட்டெஸ்லயும் பிற்பாடு ரப்பர் கப்ளிங் வெச்ச ஷாஃப்ட் வந்தது, அதைத் தொடவே தொடாதீங்க, அதுக்குக் கீழே விஷ்போன் (சக்கரத்தைத் தாங்குற கவட்டைக் கை) தனியா வேணும்.

சுருக்கமா, 1973க்கு முந்தின நீளம் குறைஞ்ச சக்கர ஷாஃப்ட், ஆறு ஸ்டட் டிஃப்ரன்ஷியல். இது ரெண்டும் மட்டும்தான் உங்களுக்கு. அதுலயும் ஷாஃப்ட்டுக்கும் டிஃப்ரன்ஷியலுக்கும் நடுவுல இருக்கற நாலு போல்ட் பிளேட்டோட துளை வட்டம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பிளேட்டோட துளை, ரெண்டையும் அளந்து அனுப்புங்க. ஆரம்பகால 948 வண்டியில பிளேட் சின்னது.

காயலாங்கடை_ராசா
வண்டலூர்ல செஞ்ச வண்டிக்கு லண்டன்ல இருந்து சாமான். நம்ம தலையெழுத்தைப் பாருங்க. நாலு கதவு மார்க் 3ங்கிறது இங்கிலாந்துக்காரனே பார்க்காத மாடல், நம்ம ஊருக்குன்னே செஞ்சது. மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி இருந்த காலத்துல மவுண்ட் ரோட்ல சாமான் குவிஞ்சு கிடந்ததாம். என் காலத்துல புதுப்பேட்டையில கிடைச்சது ஹார்ன் ரிங்கும் ஹப் கேப்பும்தான்.

வடமராட்சி_மைனர்
வணக்கம் அண்ணைமார். நான் ஹெரால்டுக்காரன் இல்லை, மொறிஸ் மைனர் 1000 வச்சிருக்கிறன். ஆனா இந்த ரேஷியோக் கதையிலை நானும் அடிபட்டவன், அதாலை எழுதுறன்.

மைனரிலை பின் ஆக்ஸில் கட்டைதான். ஆனா வேலை சுகம். ரெண்டு பக்க ஷாஃப்டையும் வெளியாலை இழுத்துப்போட்டு, முன்னாலை இருக்கிற நட்டுகளைக் கழட்டினா டிஃப்ரன்ஷியல் அப்பிடியே கையிலை வரும். 948 எஞ்சின் வந்த மைனருக்கு 4.55, 1098க்கு 4.22. எம்ஜி மிட்ஜெட்டிலை இருக்கிறதும் அதே குடும்பம், ஹவுசிங்குக்குள்ளை அப்பிடியே போகும். பிந்தின மிட்ஜெட்டிலை 3.9 கூட இருக்கு. எங்கட ஆக்கள் கனபேர் 4.22 போட்டு ஓடுறவை.

நான் 3.9 ஒண்டு எடுத்துப் போட்டன். பருத்தித்துறை வீதியிலை காத்து மாதிரிப் போகுது. கண்டிக்குப் போகேக்கைதான் தெரிஞ்சுது. கடுகண்ணாவை ஏத்தத்திலை டொப் கியர் எடுக்கேல்லை, தேர்ட் எடுக்கேல்லை, செக்கண்டிலை கொதிச்சுக் கொதிச்சு ஏறினது. பின்னாலை லொறிக்காரன் விட்ட ஹோர்ண் இப்பவும் காதுக்குள்ளை நிக்குது. திரும்பி வந்து 4.22க்கே மாத்திப்போட்டன். எஞ்சின் பலத்துக்கு ஏத்த ரேஷியோதான் போடவேணும் அண்ணை.

தொண்ணூறுகளிலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடின வண்டி இது. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். அப்ப சாமான் எண்டு ஒண்டும் வராது. கடைசல் பட்டறைக்காரர்தான் எங்களுக்குக் கொம்பனி.

சேலம்_மார்க்3
எல்லாருக்கும் நன்றி. கடுகண்ணாவை கதை கேட்டதும் எனக்கு ஏற்காடு ஞாபகம் வந்துடுச்சு. 20 ஹேர்பின். மாசம் ஒரு தடவையாவது ஏறுற ரோடு.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். என் டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 1.75 மீட்டர் போகுது (சாக்பீஸ்ல கோடு போட்டு வண்டியைத் தள்ளி அளந்தேன், மனைவி ஸ்டியரிங்). டாப் கியர்ல 4,000 ஆர்பிஎம்ல 4.875 ரேஷியோவுக்கு 86 கிலோமீட்டர் வேகம் வருது. 4.11 போட்டா 102. 3.89 போட்டா 108. பைபாஸ்ல 4.11 ஆசையா இருக்கு, மலையில பயமா இருக்கு.

கோவை_லேத்
கணக்கு சரிதானுங்க. கூட ஒண்ணு சேத்துக்கங்க. ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து வருது. ரேஷியோ மாத்தினா மீட்டருக்குத் தெரியாது. 4.11 போட்ட பிறகு மீட்டர் 60 காட்டினா நீங்க நெசமா 71ல போயிட்டிருப்பீங்க. போலீஸ்காரர்கிட்ட மீட்டரைக் காட்டிப் பிரயோசனமில்ல.

35 குதிரை எஞ்சினுங்க அது. நாலு பேர் உக்காந்து மலை ஏற 4.875 தானுங்க சரி. தனியாளா பைபாஸ்ல மட்டும் ஓட்டறவங்களுக்கு 4.11. உள்ளே பல் நல்லா இருந்தா இருக்கறதையே வெச்சு பேரிங் மாத்தறதுதான் என் கட்சி.

தேம்ஸ்கரை
நான் எதிர்க்கட்சி. ஊளை விட்ட பழைய கிரவுன் பினியனுக்குப் புது பேரிங் போட்டா ஊளை முழுசா போகாது. பல் பழைய இடத்துல தேஞ்சு பழகியிருக்கும். ஓடி ஓய்ஞ்ச 4.875க்குச் செலவு பண்றதைவிட நல்ல 4.11 ஒண்ணு அனுப்பறேன், மாட்டுங்க. இங்க 4.11 தேடினா கிடைக்குது.

கோவை_லேத்
முழுசா போகாதுதானுங்க, ஒத்துக்கறேன். ஆனா நீங்க அனுப்பறதும் 50 வருசம் ஓடினதுதானே? அது ஊளை விடாதுன்னு யார் எழுதிக் கொடுப்பா?

தேம்ஸ்கரை
அது நியாயமான கேள்வி 😀

சேலம்_மார்க்3
கழட்டிட்டேன்! மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. விவரமா எழுதுறேன், பின்னாடி வர்றவங்களுக்கு உதவும்.

பின்சீட்டுக்குப் பின்னாடி ஒரு தகடு இருக்கு. அதைக் கழட்டினா ஸ்பிரிங் நட்டு கைக்கு எட்டுது. டிஃப்ரன்ஷியல் சேஸிஸ்ல நிக்கிறது முன்னாடி ரப்பர் புஷ் வெச்ச ரெண்டு போல்ட், பின்னாடி குறுக்க ஒரு நீள போல்ட். அந்த நீள போல்ட் துருப்பிடிச்சு புஷ்ஷோட ஒண்ணாயிடுச்சு. கடைசியில ஹேக்ஸா பிளேடைக் கையில பிடிச்சு அறுத்தேன். ஒண்ணே கால் மணி நேரம்.

ஹப்தான் கதை. டேப்பர்ல சாவி போட்டு உட்கார்ந்திருக்கு. மெக்கானிக் சுத்தியலை எடுத்தார், நான் கையைப் பிடிச்சேன். ஓரத்துல அடிச்சா வளைஞ்சுடும்னு இங்கதான் எப்பவோ படிச்சிருந்தேன். கனமான புல்லர் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, முழு பலத்துக்கு இறுக்கிட்டு, கொஞ்சம் சூடு காட்டிட்டு அப்படியே விட்டுட்டோம். ராத்திரி ரெண்டரை மணிக்கு ஷெட்டுல வெடி வெடிச்ச மாதிரி "டமார்". பக்கத்து வீட்டு ஐயா லைட் போட்டு வெளியே வந்துட்டார். நான் லுங்கியோட ஓடிப் போய்ப் பார்த்தா ஹப் தானா கழன்று தரையில உட்கார்ந்திருக்கு. அந்த நேரத்துல எனக்கு வந்த சந்தோஷத்தை அவர்கிட்ட விளக்க முடியல.

உள்ளே பார்த்தது:

டிஃப்ரன்ஷியல்ல ஒரு பைன்ட் எண்ணெய் இருக்கணும். ஒரு டம்ளர்கூட இல்ல. வந்ததும் கறுப்பா, தார் மாதிரி. பினியன் சீல் கல்லாயிடுச்சு, அந்த வழியா ஒழுகி ஒழுகிக் காலியாகியிருக்கு. பினியன் பேரிங்ல முன்பக்கத்து ரோலர்ல பொட்டுப் பொட்டா குழி. கிரவுன்ல 39 பல், பினியன்ல 8 பல், எண்ணிப் பார்த்தேன். உடையல, சில்லு போகல. ரெண்டுலயும் ஒரே நம்பர் வெட்டியிருக்கு.

இடது ஷாஃப்ட்ல ஊசி பேரிங் ஓடுற இடத்துல விரல் நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். வலது பரவாயில்ல. யுஜே கிராஸ் நாலு கப்புல ரெண்டுல ஊசியே இல்ல, செந்தூரப் பொடி மட்டும்தான்.

கோவை_லேத்
ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி. ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கறது பெரிய விசயமுங்க. கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் பிறக்கும். யாராவது "கிரவுன் மட்டும் இருக்கு"ன்னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடணும்.

யுஜே கிராஸுக்கு கப் வெளி விட்டமும், லாக் ரெண்டுக்கும் நடு தூரமும் எடுங்க. கப் 15/16 இஞ்ச் வந்துச்சுன்னா வேற வண்டி பேர்லயே அதே கிராஸ் கிடைக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ஈசிஆர்_ரைடர்
இடது ஷாஃப்ட் பள்ளத்துல வெல்டிங் வெச்சு லேத்ல கடைஞ்சுட்டா போச்சே?

கோவை_லேத்
வேண்டாமுங்க. வேண்டவே வேண்டாமுங்க. இந்த ஒரு எடத்துல நான் கண்டிப்பா சொல்றேன். மத்த வண்டியில ஷாஃப்ட் உடைஞ்சா வண்டி நிக்கும். இந்த வண்டியில சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தறதே அந்த ஷாஃப்ட்தான். உடைஞ்சா சக்கரம், டிரம், ஹப் மூணும் ஒண்ணாச் சேந்து உங்களை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகும். வெல்டு வெச்ச எடத்துக்குப் பக்கத்துல ஷாஃப்ட் சூட்டுல பதம் கெட்டு நிக்கும், அங்கதான் வெட்டும். என் பட்டறைக்கு ரெண்டு தடவை அந்த வேலை வந்துச்சு, ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிச்சேன். ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு வேற பட்டறைக்குப் போனார்.

பள்ளம் லேசா இருந்தா கிரைண்டிங் பண்ணி ஹார்டு குரோம் ஏத்தி மறுபடி சைஸுக்குக் கிரைண்டிங் பண்றவங்க உண்டு. நகம் மாட்டற பள்ளத்துக்கு நான் அதையும் சொல்ல மாட்டேன். புது ஷாஃப்ட் வாங்குங்க. இதுல மட்டும் லண்டன் அண்ணன் கட்சி.

தேம்ஸ்கரை
கூட்டணி அமைஞ்சாச்சு. சேலம், துளை வட்ட அளவும் ஷாஃப்ட் நீளமும் அனுப்புங்க. ஜோடியாவே வாங்கிடுங்க, வலதும் அதே வயசுதானே. ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா அடுத்த வருஷம் மறுபடி அந்த ராத்திரி ரெண்டரை மணி வெடி.

அசல்_மட்டும்
ஷாஃப்ட் மாத்துறதுல எனக்கும் ஆட்சேபணை இல்ல, வெளியே தெரியாது, வடிவமும் அதேதான். 4.11 போடுறதுல எனக்கு வருத்தம். ஆனா என் வண்டி இல்லையே.

சேலம்_மார்க்3
ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன்.

ஷாஃப்ட் ஜோடி லண்டன்ல இருந்து வந்துச்சு. தேம்ஸ்கரை அண்ணா, உங்க உறவுக்காரர் பெட்டியில புடவைக்கு நடுவுல கிரீஸ் தடவின ஷாஃப்ட் எப்படி வந்ததுன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம். புடவைக்கு ஒண்ணும் ஆகலைன்னு நம்புறேன். முதல்ல துளை சேரல. என் பிளேட்டு சின்னதுதான். நீங்க கூடவே அனுப்பின டிஃப்ரன்ஷியல் பக்கத்துக் குட்டை ஷாஃப்ட்டையும் மாத்தின பிறகு நாலு போல்ட்டும் கையாலயே இறங்கிச்சு.

கிரவுன் பினியன் என்னுடையதையே வெச்சுக்கிட்டேன். கோவைக்கு எடுத்துட்டுப் போய் அய்யா பட்டறையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். நாலு டேப்பர், ரெண்டு பால் பேரிங், மூணு சீல். பேரிங் அஞ்சு ஒரே நாள்ல கிடைச்சது. ஒரு டேப்பர் மட்டும் மூணு வாரம் தண்ணி காட்டிச்சு, கடைசியில ஏதோ மெஷினுக்கு வர்ற நம்பர்ல கிடைச்சது. அய்யா பல்லுல சிவப்புப் பொடியை எண்ணெயில குழைச்சுத் தடவி, சுத்தி, படிஞ்ச தடம் பார்த்து, ஷிம் (இடைவெளி சரி பண்ற மெல்லிசுத் தகடு) எடுத்து, மறுபடி தடவி, மறுபடி சுத்தி... ஏழு தடவை. பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) டயல்ல 5 தௌ (இஞ்ச்ல ஆயிரத்துல அஞ்சு பங்கு) வந்ததும்தான் டீ குடிக்கப் போனார். அந்தத் தடம் பல்லோட நடுவுல நெல்லு மாதிரி நீளவாக்குல விழுந்திருந்தது. அதைப் பார்த்துட்டுத்தான் இந்த வேலைக்கு ஏன் காசுன்னு எனக்குப் புரிஞ்சது.

நேத்து ஏற்காடு போயிட்டு வந்தேன். "டக்" சத்தம் சுத்தமா இல்ல. சக்கர ஆட்டம் இல்ல. ஊளை முக்கால்வாசி போயிடுச்சு. 55ல ஆக்ஸிலேட்டரை விட்டா மெல்லிசா ஒரு ரீங்காரம், பம்பரம் தூங்கற மாதிரி. பின்சீட்டு ஆளு பேசுறது கேக்குது. சில நேரம் கேக்காம இருந்தா தேவலையேன்னும் தோணுது.

தேம்ஸ்கரை
அந்த ரீங்காரம்தான் நான் சொன்னது 😀 4.11 என் ஷெட்டுல இருக்கு, மனசு மாறினா சொல்லுங்க. புடவை தப்பிச்சது.

கோவை_லேத்
500 கிலோமீட்டர் ஓடினதும் எண்ணெயை மாத்திடுங்க தம்பி. ஹைபாய்டு 90 கியர் எண்ணெய்தான், வேற எதுவும் ஊத்தாதீங்க. ஹப்ல அந்த பிளக்கையும் மறந்துடாதீங்க.

வடமராட்சி_மைனர்
நல்ல சந்தோசம் தம்பி. கோவை அய்யாட்டை ஒரு கேள்வி, மைனருக்கு ஹப் சீல் அளவு சொன்னா எடுத்து அனுப்பேலுமோ? இடப்பக்கம் பிரேக் ஷூவிலை எண்ணெய் வடியுது.

கோவை_லேத்
அளவு அனுப்புங்க, பார்க்கலாமுங்க. மைனர்ல இடப்பக்கத்து நட்டு தலைகீழ் மரை, கழட்டும்போது பார்த்துக் கழட்டுங்க.

மதுரை_கஸெல்
புது உறுப்பினர். இழை முழுக்கப் படிச்சேன். 1974 கஸெல் வெச்சிருக்கேன், பின் ஆக்ஸில் குழாய்ல விரிசல், ரெண்டு வருஷமா தேடுறேன். சேலம் அண்ணே, போர்ட்டிகோவுல கிடக்கிற அந்த ஆக்ஸில் இன்னும் இருக்கா?

காயலாங்கடை_ராசா
வந்துட்டான்யா!!!

சேலம்_மார்க்3
இருக்கு தம்பி. மேல துளசித் தொட்டி வெச்சிருக்காங்க, அதை எங்க மாத்துறதுன்னு வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன். 9,000க்கு வாங்கினது, அதே விலை. டிரம்மோட இருக்கு. ரெண்டு ஆள் தூக்கணும், பஸ்ல ஏத்த விடமாட்டாங்க, பார்சல் லாரிதான்.

மதுரை_கஸெல்
லாரி எதுக்குண்ணே, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். வெர்னியர் கொண்டு வர்றேன், அளந்து பார்த்துட்டுத்தான் காசு.